பஷ்தோ மொழியைப் பற்றி எழுதுவோரும் கற்போரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆப்கானிஸ்தான் செய்தி, எல்லைக் காந்தியின் வாழ்க்கை, மலாலா யூசுஃப்சாயின் பேச்சு என்று ஏதாவது ஒரு வழியில் பஷ்தோ மொழி தமிழ் வாசகரின் கண்ணில் அடிக்கடி படுகிறது. ஆனால், அம்மொழியைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி ஆங்கிலம், உருது, பாரசீகம் ஆகியவற்றின் வழியாகச் சுற்றி வந்து சேர்ந்தது. அப்படி வரும்போது இடையிலிருந்த மொழியின் சாயலும் அதில் படிந்துவிடுகிறது. பஷ்தோவைப் பற்றி நாம் செய்யும் பிழைகளில் பலவற்றுக்கு அறியாமையைவிட இந்தச் சாயலே காரணம். கீழே சொல்லப்படுவன, அம்மொழியைப் பற்றி எழுதுவோர், மொழிபெயர்ப்போர், கற்கத் தொடங்குவோர் ஆகியோர் அடிக்கடி இடறும் இடங்கள்.

பெயரிலேயே தொடங்குகிறது முதல் இடறல். தமிழில் இம்மொழியின் பெயரைப் பலர் ‘பஷ்டோ’ என்று டகரமிட்டு எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் தகரத்துக்கும் டகரத்துக்கும் ஒரே எழுத்து என்பதால் வந்த குழப்பம் இது. பஷ்தோவோ தமிழைப் போலவே இவ்விரண்டையும் பிரித்து ஒலிக்கும் மொழி. அதன் பெயரில் உள்ளது பல்லைத் தொடும் தகரமே. இவ்வேறுபாட்டைத் துல்லியமாகக் காட்டும் எழுத்து நம் கையில் இருக்கும்போது ஆங்கிலத்தின் குறையை நாம் கடன் வாங்க வேண்டியதில்லை. மொழியை ‘ஆப்கானி’ என்று குறிப்பதும் தவறு. ஆப்கானி என்பது அந்நாட்டின் நாணயம். ‘பட்டாணியர்’, ‘பத்தான்’ என்பவை இந்தியப் பகுதிகளில் வழங்கிய வடிவங்கள். அம்மக்கள் தம் மொழியில் ஆணைப் பஷ்தூன் என்றும் பெண்ணைப் பஷ்தன என்றும் பன்மையில் பஷ்தான என்றும் குறிக்கிறார்கள். ‘ஆப்கன்’ என்ற சொல் முற்காலத்தில் பஷ்தூன்களை மட்டுமே சுட்டியது. இன்று அது நாட்டின் குடிமக்கள் அனைவரையும் குறிப்பதால், பழைய நூல்களில் அச்சொல்லைக் காணும்போது எந்தப் பொருளில் வந்துள்ளது என்று பார்த்தே மொழிபெயர்க்க வேண்டும்.

பஷ்தோ, ஆப்கானிஸ்தானின் மொழி மட்டுமே என்று எழுதுவது மற்றொரு பிழை. அதைப் பேசுவோர் ஆப்கானிஸ்தானைவிடப் பாகிஸ்தானில்தான் அதிகம். பாகிஸ்தானின் 2017ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 18 விழுக்காட்டினர் பஷ்தோவைத் தாய்மொழியாகப் பதிவு செய்தனர். இருபது கோடிக்கு மேற்பட்ட மக்களில் அது மூன்றரைக் கோடியைத் தாண்டும். கைபர் பக்தூன்குவா மாகாணத்திலும் பலூசிஸ்தானின் வடபகுதியிலும் மட்டுமன்றி, கராச்சி நகரிலும் அவர்கள் பெருந்திரளாக வாழ்கிறார்கள். ஆப்கானிஸ்தானில் 1979இல் நடந்த கணக்கெடுப்பே முழுமை பெறாமல் நின்றுவிட்டது. ஆகவே, அந்நாட்டில் பஷ்தோ பேசுவோர் இத்தனை விழுக்காடு என்று புள்ளி வைத்து எழுதப்படும் எண் எதுவானாலும் அது மதிப்பீடே. எழுதுவோர் அதை மதிப்பீடு என்றே சொல்ல வேண்டும். அங்குள்ள எல்லோரும் பஷ்தோ பேசுவார்கள் என்று கொள்வதும் சரியன்று. 1936இல் அரச ஆணையால் பஷ்தோ அந்நாட்டின் ஆட்சிமொழியானது. 1964ஆம் ஆண்டு அரசியலமைப்பும் 2004ஆம் ஆண்டு அரசியலமைப்பும் பஷ்தோவோடு தரியையும் ஆட்சிமொழியாக ஏற்றன. தரி என்பது ஆப்கானிஸ்தானில் வழங்கும் பாரசீகம். ஆப்கானியர் ஒருவருக்கு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வோர், அவர் பேசுவது எம்மொழி என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

உறவைப் பற்றிய மூன்று மயக்கங்கள்

அரபு எழுத்தில் எழுதப்படுவதால் பஷ்தோ அரபின் கிளை என்று நினைப்பவர்கள் உண்டு. எழுத்து வேறு, மொழிக்குடும்பம் வேறு. ‘கிதாப்’ போன்ற அரபுச் சொற்கள் பஷ்தோவில் ஏராளம்தான். வக்கீலும் தாசில்தாரும் தமிழில் வழங்குவதால் தமிழ் அரபாகிவிடவில்லை அல்லவா, அதுபோலத்தான் இதுவும். பஷ்தோ இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் ஈரானியப் பிரிவைச் சேர்ந்தது.

ஈரானியப் பிரிவு என்றதும் ‘அப்படியானால் அது பாரசீகத்தின் வட்டார வழக்குதானே’ என்ற அடுத்த மயக்கம் எழும். பாரசீகம் மேலை ஈரானியக் கிளையில் வருவது. பஷ்தோ கீழை ஈரானியக் கிளையில் வருவது. இரண்டும் தாயும் மகளும் அல்ல, நெடுங்காலத்துக்கு முன் பிரிந்துபோன உறவினர். இதை அடிப்படைச் சொற்களே காட்டும். பத்து என்பது பாரசீகத்தில் ‘தஹ்’, பஷ்தோவில் ‘லஸ்’. தந்தை அங்கே ‘பெதர்’, இங்கே ‘ப்லார்’. மகள் அங்கே ‘தொக்தர்’, இங்கே ‘லூர்’. பழைய ஈரானியத்தின் தகர வகை ஒலிகள் பஷ்தோவில் பல இடங்களில் லகரமாகத் திரிந்தன. அந்த ஒரு திரிபைப் பிடித்துக்கொண்டால் தொடர்பில்லாதவை போல் தோன்றும் சொற்களின் பழைய உறவும், அவை பாரசீகத்திலிருந்து வந்தவை அல்ல என்பதும் ஒருங்கே விளங்கிவிடும்.

மூன்றாவது மயக்கம் தமிழர்களாகிய நமக்கென்றே காத்திருப்பது. பஷ்தோவில் நாவை மடித்து ஒலிக்கும் டகரமும் ணகரமும் உண்டு. ஆப்பிளுக்கு அங்கே ‘மண’ என்று பெயர், அந்த ணகரம் நம் ணகரத்துக்கு மிக நெருக்கமானது. வினையும் நம் மொழியைப் போலவே வாக்கியத்தின் இறுதியில் வரும். இவற்றைப் பார்த்ததும் திராவிடத் தொடர்பைக் கற்பிக்கும் ஆசை வரலாம். இத்தகைய ஒலிகள் தெற்காசியாவில் குடும்ப எல்லைகளைக் கடந்து பரவியவை. பஷ்தோவுக்கு அவை அண்டை மொழிகளோடு கொண்ட நெடும்பழக்கத்தால் வந்தவை. பலூசிஸ்தானில் பஷ்தோவுக்கு அண்டையில் பேசப்படும் பிராகுயிதான் திராவிட மொழி; பஷ்தோ அன்று. இத்தகைய ஒலிகளும் பிற ஒப்புமைகளும் அறிஞர்களையே தடுமாறச் செய்திருக்கின்றன. 1873இல் பஷ்தோ இலக்கணம் எழுதிய எர்ன்ஸ்ட் டிரம்ப், அம்மொழியை இந்திய மொழிகளுக்கும் ஈரானிய மொழிகளுக்கும் இடைப்பட்டதாகக் கருதினார். பிரெஞ்சு அறிஞர் ஜேம்ஸ் டார்மெஸ்டெட்டர் 1880களின் இறுதியில் நாட்டுப்பாடல்களைத் தொகுத்து ஆராய்ந்து வெளியிட்ட பிறகே அது ஈரானிய மொழி என்பது உறுதிப்பட்டது. பஷ்தோ எபிரேயத்திலிருந்து பிறந்தது என்ற பழங்கதையையும் இன்றுவரை சிலர் எழுதிவருகிறார்கள். மொழியியலில் அதற்கு இடமில்லை.

எழுத்தும் ஒலியும்

உருது படிக்கத் தெரிந்தால் பஷ்தோவும் படித்துவிடலாம் என்று எண்ணுவது, கற்போர் பலரின் முதல் வாரத் தவறு. பஷ்தோ நெடுங்கணக்கில் பொதுவாக 44 எழுத்துகள் கணக்கிடப்படுகின்றன. டகர வகை ஒலிகளுக்கு உருது, எழுத்தின் தலைமேல் சிறிய ஓர் அடையாளத்தை இடும். பஷ்தோ, எழுத்தின் அடியில் ஒரு சிறு வளையத்தைத் தொங்கவிடும். ரொட்டியைக் குறிக்கும் ‘டோடய்’ என்ற சொல்லில் இத்தகைய வளையம் இரண்டு இடங்களில் வரும். அரபு விசைப்பலகையில் தட்டச்சு செய்வோர் வளையத்தை விட்டுவிட்டால் அச்சொல் ‘தோத’ என்று தொடங்கும் வேறொன்றாகிவிடும்.

அதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது ‘யே’ என்னும் எழுத்து. பஷ்தோவில் அதற்கு ஐந்து வடிவங்கள் உண்டு. அவற்றை அழகுக்காக மாற்றி எழுதும் வடிவங்கள் என்று நினைத்து ஒன்றின் இடத்தில் இன்னொன்றை இடுவது பெரும்பிழை, ஏனெனில் இலக்கணமே அவற்றில் தங்கியிருக்கிறது. ‘ஸடய்’ என்றால் ஓர் ஆண். ‘ஸடீ’ என்றால் ஆண்கள். ஆப்கானிஸ்தான் எழுத்துமுறையில் இவ்விரு சொற்களுக்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு, கடைசி எழுத்தின் கீழ் இரண்டு புள்ளி இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே. பெஷாவர்ப் பகுதியினரோ ஒருமையை உருதுவில் உள்ளது போன்ற பெரிய யே கொண்டு முடிப்பார்கள். ஒரே சொல் இரு நாடுகளில் இரு விதமாக எழுதப்படுவதைக் கண்டு, ஒன்றை எழுத்துப்பிழை என்று திருத்திவிடக் கூடாது.

தமிழில் ஒலிபெயர்க்கும்போது நம் எழுத்தின் எல்லையையும் மறக்கக் கூடாது. வீட்டுக்குப் பஷ்தோவில் ‘கோர்’ என்று பெயர். சகோதரியைக் குறிக்கும் சொல்லையும் நாம் வழக்கமாக ‘கோர்’ என்றே எழுதிவிடுவோம். அங்கே முதலெழுத்து தொண்டையை உரசி எழும் வேறோர் ஒலி. ஆய்தத்தைத் துணைக்கொண்டு ‘ஃகோர்’ என்று எழுதினால் வேறுபாடு காக்கப்படும். இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகளில் அவ்வாறே எழுதியிருக்கிறேன். சொல்லின் முதலில் மெய்கள் கூடி நிற்பதும் பஷ்தோவின் இயல்பு: சகோதரன் ‘வ்ரோர்’, வெள்ளை ‘ஸ்பீன்’. நாக்குக்கு எளிதாக இருக்கட்டுமே என்று ‘விரோர்’, ‘இஸ்பீன்’ என்று உயிரைச் செருகும் பழக்கம் நமக்கு இயல்பாகவே வரும். கற்பவர் அதைத் தொடக்கத்திலேயே விட்டுவிட வேண்டும்.

பஷ்தோவும் பக்தோவும் இரு மொழிகள் அல்ல. ஒரே எழுத்தைத் தெற்கே கந்தஹாரில் ஷகரத்துக்கு நெருக்கமாகவும், வடக்கே பெஷாவரில் ‘ஃக’ என்றும் ஒலிக்கிறார்கள். அதனால் ஒரே பெயர் பஷ்தோ என்றும் பஃக்தோ என்றும் இரண்டாகக் கேட்கிறது. வடமேற்கு எல்லைப்புற மாகாணம் 2010இல் கைபர் பக்தூன்குவா என்று பெயர் மாறியபோது நிலைபெற்றது வடக்கத்திய ஒலிப்பே. நாம் என்னும் சொல்லும் இப்படித்தான். பெஷாவரில் ‘மூங்’ என்று முடிவது, கந்தஹாரில் நாவை மடித்து உரசும் ஒலியில் முடியும். அது நம் ழகரத்தை நினைவூட்டும், ஆனால் ழகரம் அன்று. ழகரத்தில் இல்லாத உரசல் அதில் உண்டு. எழுத்தில் இவ்வேறுபாடுகள் தெரிவதில்லை. எழுதுகிறவர் எந்த ஊர்க்காரரானாலும் இவ்வொலிகளுக்கு எழுத்து ஒன்றே. இந்த ஒருமைப்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆயினும் வேறுபாடு இவ்வளவுதான் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். வசீரிஸ்தானில் உயிரொலிகளே இடம்பெயர்ந்துவிட்டன: தந்தை ‘ப்லோர்’, தாய் ‘மோர்’ அல்ல ‘மேர்’, மகள் ‘லூர்’ அல்ல ‘லீர்’. கந்தஹார் வழக்கை மட்டும் கற்றவர் அங்கே போய் நின்றால் சிறிது திகைக்கத்தான் செய்வார்.

வினை யாருக்கு இயைகிறது?

இலக்கணத்தில் கற்போர் மிகுதியாகத் தவறுவது இறந்தகாலத்தில்தான். ‘ஸ மண ஃக்வ்ரம்’ என்றால் நான் ஆப்பிள் தின்கிறேன் என்று பொருள். வினை ‘நான்’ என்பதற்கு இயைந்து முடிகிறது. இதையே இறந்தகாலத்தில் சொன்னால், ‘மா மண வுஃக்வட’. இங்கே இரண்டு மாற்றங்கள் ஒருசேர நிகழ்கின்றன. நான் என்பது ‘ஸ’ என்ற வடிவை விட்டு ‘மா’ என்ற வேற்றுமை வடிவை ஏற்கிறது. வினையோ தின்றவரை விட்டுவிட்டு, தின்னப்பட்ட பொருளுக்கு இயைகிறது. ‘மண’ பெண்பால் ஆதலால் வினையும் பெண்பாலில் முடிகிறது. தின்றது மாதுளை என்றால், ‘அனார்’ ஆண்பால் ஆதலால் ‘மா அனார் வுஃகோட்’ என்று வினை மாறும். ஆப்பிள்கள் பல என்றால் ‘மா மணே வுஃக்வடே’. தின்றவர் ஆணா, பெண்ணா, ஒருவரா, பலரா என்பதற்கு இவ்வினையில் இடமே இல்லை. ‘தின்றேன்’ என்ற நம் வினைமுற்றை மனத்தில் வைத்துக்கொண்டு இறந்தகால வினையிலும் ‘நான்’ என்பதன் விகுதியை ஒட்டுவது தமிழர் செய்யும் பிழை. இந்தி தெரிந்தவர்களுக்கு இவ்வமைப்பு பழகியதாகத் தோன்றும். ஆனால் இந்தியில் எழுவாயோடு வரும் ‘நே’ போன்ற உருபைப் பஷ்தோவில் தேடக் கூடாது, அங்கே பெயரின் வடிவே மாறிவிடுகிறது.

வினையின் முன்னுள்ள ‘வு’ என்பதைக் காலங்காட்டும் அடையாளம் என்று கொள்வதும் தவறு. அது செயல் முற்றுப்பெற்றதைக் காட்டுவது. ‘மா மண ஃக்வட’ என்று அதை நீக்கிச் சொன்னால், தின்றுகொண்டிருந்தேன் என்று பொருள்படும். சில வினைகளில் இந்த ‘வு’ வராது. அழுத்தம் வினையின் முன்பகுதிக்கு நகர்வதே முற்றுப்பெற்றதற்கு அடையாளமாகிவிடும். எனவே சொல்லின் எந்த அசையில் அழுத்தம் விழுகிறது என்பதைச் செவியால் பழகாமல் ஏட்டிலிருந்து மட்டும் கற்பவர் பாதி இலக்கணத்தை இழந்துவிடுகிறார்.

இதே எடுத்துக்காட்டில் இன்னும் ஓர் அடி உள்ளே போகலாம். ‘மா’ என்பதற்குப் பதிலாக ‘மே’ என்ற சிறு ஒட்டுச்சொல்லையும் பயன்படுத்தலாம்: ‘மண மே வுஃக்வட’, அதாவது ஆப்பிளைத் தின்றேன். ‘மே’ எப்போதும் வாக்கியத்தின் இரண்டாம் இடத்தையே நாடும். இப்போது ‘மண’ என்ற சொல்லை விட்டுவிட்டு ‘அதைத் தின்றேன்’ என்று மட்டும் சொல்ல வேண்டுமானால் வாக்கியத்தில் எஞ்சுவது வினை ஒன்றுதான். இரண்டாம் இடம் எங்கே? பஷ்தோ வினையையே பிளந்து இடம் தருகிறது: ‘வு மே ஃக்வட’. எதிர்மறைச் சொல்லும் அந்தப் பிளவுக்குள்ளேயே வந்து அமரும்: ‘வு மே ந ஃக்வட’, அதைத் தின்னவில்லை. அகராதியில் ‘வு’ என்ற தலைப்பில் இவ்வினையைத் தேடி ஏமாந்து நிற்போர் பலர். எனக்கு இம்மொழியில் மிகவும் பிடித்த இடமும் இதுவே.

பால் பற்றி ஒரு சொல். மெய்யில் முடிந்தால் ஆண்பால், அகரத்தில் முடிந்தால் பெண்பால் என்ற விதி பெரும்பாலும் பொருந்தும். ஆனால் வழியைக் குறிக்கும் ‘லார்’, நாளைக் குறிக்கும் ‘வ்ரஸ்’ ஆகியவை மெய்யில் முடிந்தும் பெண்பாலே. அத்தகையவற்றைச் சொல்லோடு சேர்த்தே மனத்தில் இருத்த வேண்டும்.

பாரசீகம் அறிந்தோர் உடைமைத் தொடரில் இடறுவார்கள். அகமதின் புத்தகம் என்பதைப் பாரசீகம் ‘கிதாபே அஹ்மத்’ என்று புத்தகத்தை முன்வைத்துச் சொல்லும். பஷ்தோ ‘த அஹ்மத் கிதாப்’ என்று நம்மைப் போலவே உடையவரை முன்வைக்கும். இட வேற்றுமையிலோ பஷ்தோ பெயரை இருபுறமும் அணைத்துக்கொள்கிறது: ‘ப கோர் கே’ என்றால் வீட்டில். முன்னுருபை மட்டும் போட்டுப் பின்னுருபை மறப்பது தொடக்கநிலையில் எல்லோருக்கும் நேர்வது.

கொடுத்தலைக் குறிக்கும் வினையில், யாருக்கு என்பது வினையின் முன்னொட்டிலேயே வந்துவிடும். எனக்கோ எங்களுக்கோ தருவது ‘ராக்கவல்’, உனக்குத் தருவது ‘தர்க்கவல்’, அவருக்குக் கொடுப்பது ‘வர்க்கவல்’. இதே மூன்று முன்னொட்டுகள் வருதல், செல்லுதல் வினைகளிலும் திசை காட்டும். தா, வா என்பவை தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன, செல், கொடு என்பவை படர்க்கைக்கு உரியன என்று தொல்காப்பியம் வகுத்திருப்பதை அறிந்தவர்களுக்கு இந்நுட்பம் எளிதில் பிடிபடும். இதை விட்டுவிட்டு எல்லா இடத்திலும் ஒரே முன்னொட்டைப் பயன்படுத்தினால், அவருக்குக் கொடு என்பது எனக்குக் கொடு என்றாகிவிடும்.

இலக்கியத்தைப் பற்றி எழுதும்போது

பஷ்தோவின் பழமையைச் சொல்ல விரும்புவோர், எட்டாம் நூற்றாண்டின் அமீர் க்ரோரை முதற்கவிஞராகக் குறிப்பிடுவது வழக்கம். அக்கூற்றின் ஆதாரம் ‘பட்ட கஸானா’ என்ற ஒரே நூல்; அந்நூல் 1944இல் அப்துல் ஹய் ஹபீபி வழியாக வெளியுலகுக்கு வந்தது. அதன் உண்மைத்தன்மையை ஆய்வாளர் பலர் ஐயுறுகின்றனர். ஆகவே அமீர் க்ரோரை ஐயமற்ற வரலாறாக எழுதக் கூடாது. உறுதியாகச் சொல்லக்கூடிய பழைய பஷ்தோ நூல், பதினாறாம் நூற்றாண்டில் பாயசீத் அன்சாரி இயற்றிய ‘கைருல் பயான்’. அடுத்த நூற்றாண்டில் குஷால் கான் கட்டக்கும் ரஹ்மான் பாபாவும் வந்து அம்மொழிக்குப் பெருமை சேர்த்தார்கள். இவ்வரலாறே போதிய பெருமை உடையது. ஐயத்துக்குரிய நூற்றாண்டுகளை அதன்மேல் ஏற்ற வேண்டிய தேவை இல்லை.

பஷ்தோ முரட்டு மொழி, போர்ப்பாடல்களின் மொழி என்று எழுதுவது இன்னொரு தேய்ந்த வழக்கு. பெண்கள் வழிவழியாகப் பாடிவரும் லண்டய் என்னும் ஈரடிப் பாடலில் முதலடிக்கு ஒன்பது அசை, இரண்டாமடிக்குப் பதின்மூன்று அசை. முடிவில் ‘ம’ அல்லது ‘ந’ ஒலிக்கும். அந்த இருபத்திரண்டு அசைக்குள் காதல், பிரிவு, கணவன் மீதான சினம், மண்ணின் மீதான ஏக்கம் எல்லாம் அடங்கிவிடும். அதை மொழிபெயர்ப்போர் நான்கைந்து அடிகளாக நீட்டிவிட்டால் கருத்து வந்துசேரும், பாடல் வராது.

கலைச்சொற்களில் பஷ்தோ அறிஞர்கள் காட்டிய அக்கறை நமக்குப் பழகியதுதான். பல்கலைக்கழகத்தைப் பாரசீகத்தில் ‘தானிஷ்காஹ்’ என்பார்கள். பஷ்தோவில் அறிவின் இடம் என்ற பொருளில் ‘போஹன்தூன்’ என்று ஆக்கிக்கொண்டார்கள். ஆப்கானிஸ்தானில் எந்தச் சொல்லை எழுதுவது என்பதே அரசியல் சச்சரவாக வெடித்திருக்கிறது. மொழிபெயர்ப்பில் இரண்டில் எது வந்திருந்தாலும் பல்கலைக்கழகம் என்று எழுதிவிடலாம்; ஆனால் மூலத்தில் இருந்தது எது என்பதும் ஒரு செய்தி என்பதால் தேவைப்படும் இடத்தில் அதைக் குறிப்பிட வேண்டும்.

கடைசியாக, ஒரு பஷ்தூனைச் சந்தித்து வாழ்த்துச் சொல்ல விரும்புவோருக்கு. வழியில் எதிர்ப்படுவோரிடம் ‘ஸ்தடய் ம ஷே’ என்பார்கள். நீ களைத்துவிடாதே என்பது அதன் பொருள். இதை மனப்பாடம் செய்துகொண்டு பெண்ணிடமும் அப்படியே சொல்வது பிழை. களைத்தவன் என்னும் சொல் பாலுக்கேற்ப மாறும், ஆகவே பெண்ணிடம் ‘ஸ்தடே ம ஷே’ என்றே சொல்ல வேண்டும். ஆணுக்குச் சொல்லும் மறுமொழி ‘ஃக்வார் ம ஷே’: நீ வறுமைப்பட்டுப் போகாதே.